பழைய கணினிகளுக்கு ஒரு குடிமராமத்து
கொள்கைப் பிரகடனம்

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணி பாயும் ஊர்களில் வாழும் நாங்கள், எங்கள் வீட்டுப் பரண்களிலும் பள்ளி ஆய்வகங்களிலும் கடைகளின் மேல்தட்டுகளிலும் தூசி படிந்து கிடக்கும் கணினிகளை மறுபடி ஓட வைப்பது என்று தீர்மானித்துக் கூடியிருக்கிறோம். அவற்றில் பல இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. மென்பொருள் கைவிட்டதால் மூலைக்குப் போனவை. அவற்றுக்கு ஏற்ற மென்பொருள் உலகில் இருக்கிறது. அது இலவசம். அதைப் படியெடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது சட்டப்படியே நமக்குள்ள உரிமை. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கைகள்தான் இதுவரை போதவில்லை. அந்தக் கைகளாக நாங்கள் இருப்போம் என்று இதன் மூலம் அறிவிக்கிறோம்.

தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகளும் பதினோரு கால்வாய்களும் இருக்கின்றன. அவற்றைக் கட்டிய காலத்தைவிடக் காப்பாற்றிய காலம் நீண்டது. தண்ணீர் திறக்கும் முன் ஊரே மண்வெட்டியோடு இறங்கிக் கால்வாயைத் தூர்வாரிய குடிமராமத்தை எங்கள் இயக்கத்துக்கு முன்மாதிரியாகக் கொள்கிறோம். யாரோ வந்து சரிசெய்வார்கள் என்று காத்திராமல், பயன்படுத்துகிறவர்களே கூடிப் பராமரிப்பது அதன் அடிப்படை. அந்த முறையில் ஒரு பெருங்குறையும் இருந்தது. பல ஊர்களில் மண் சுமந்தவர் ஒருவர், முதல் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டவர் வேறொருவர். அந்தக் குறை எங்கள் வேலையில் தொடர விடமாட்டோம்.

நிலைமை

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த மடிக்கணினிகள், அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. முக்கூடலில் பீடி சுற்றும் தாயின் மகளுக்கும், பத்தமடையில் பாய் நெய்யும் வீட்டுப் பையனுக்கும், வீரவநல்லூர் தறிக்காரர் பேத்திக்கும் அதுவே வீட்டுக்கு வந்த முதல் கணினி. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அந்த அளவில் அதைச் செய்து பார்த்ததில்லை என்று பெருமையோடு சொல்லக்கூடிய திட்டம் அது.

தொடக்க ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்த 2014-ல் அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசே அறிவுறுத்தியது. ஆனாலும் மாணவரில் பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து காட்ட அருகில் ஆள் இல்லை. சர்வீஸுக்குப் போன கணினிகள் உரிமம் இல்லாத விண்டோஸ் ஏற்றப்பட்டுத் திரும்பி வந்தன. மென்பொருளைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, அதோடு ஒரு மனிதரும் வர வேண்டும் என்பதே அந்த அனுபவம் சொல்லும் பாடம். எங்கள் இயக்கம் அந்தப் பாடத்திலிருந்துதான் பிறக்கிறது.

பொதிகையின் மறுபக்கத்தைப் பாருங்கள். கேரள அரசின் ஐ.டி.@ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. இன்று 'கைட்' என்ற பெயரில் இயங்கும் அந்த அமைப்பு, பள்ளிகளுக்கென்று தனி லினக்ஸ் பதிப்பையே வெளியிடுகிறது. அங்கும் இங்கும் அதே லினக்ஸ்தான். அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலையே அதற்கேற்ப எழுதினார்கள். அதனால் வேரூன்றியது.

இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. இந்த நாட்களில் அந்தந்த இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அடுத்து வந்த விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு இடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள பிராசசர் ஆகியவற்றைக் கேட்கிறது. 2 ஜிபி ராமோடு வந்த பழைய அரசு மடிக்கணினிக்கு அந்த வாசலுக்குள் நுழையவே வழியில்லை. கெடு முடிந்த மறுநாள் காலையிலும் அதன் விசைப்பலகை வேலை செய்கிறது, திரை ஒளிர்கிறது, பிராசசர் நேற்றைப் போலவே கணக்குப் போடுகிறது. ஆனால் கடையில் கேட்டால், "இது இனிமே ஆகாது, வேற வாங்கிருங்க" என்கிறார்கள். ஒரு பொருளின் ஆயுளை அதை வைத்திருப்பவர் தீர்மானிக்க வேண்டும். எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கால அட்டவணை தீர்மானிக்கக் கூடாது.

வழி

வழி 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் திறந்தே இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் நாப்பர் 2000-ல் 'நாப்பிக்ஸ்' என்ற லினக்ஸ் பதிப்பை வெளியிட்டார். வன்தட்டில் எதையும் நிறுவாமல் சிடியிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும் என்பதை உலகம் பரவலாக அறிந்துகொண்டது அதன் மூலம்தான். 2003-ல் ஆஸ்திரேலியாவின் பேரி கவ்லர் 'பப்பி லினக்ஸ்' தொடங்கினார். கிரீஸிலிருந்து 'ஆன்டிஎக்ஸ்' வந்தது. 'டேம் ஸ்மால் லினக்ஸ்' ஒரு முழு மேசைக்கணினிச் சூழலை 50 எம்பிக்குள் அடக்கிக் காட்டியது. 'டைனி கோர்' அதைவிடவும் சிறியது.

இவை வேலை செய்யும் விதத்தை ஊரில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம். பப்பி உள்ள சிடியையோ பென்டிரைவையோ செருகிக் கணினியைத் தொடங்கினால், ராமில் போதிய இடம் இருந்தால் சுருக்கி வைக்கப்பட்ட இயங்குதளம் முழுவதும் அதற்குள் ஏறிக்கொள்ளும். பழைய கணினி திணறுவதற்குப் பெரும்பாலும் முதல் காரணம் தேய்ந்துபோன வன்தட்டு. அதைத் தொடவே தேவையில்லை என்றாகிவிட்டால், பத்துப் பன்னிரண்டு வயதான மடிக்கணினியும் சுறுசுறுப்பாகிவிடுகிறது. வன்தட்டு முற்றிலும் செத்துப்போயிருந்தாலும், ஏன், கழற்றியே எடுத்துவிட்டாலும் ஓடும். வேலை முடிந்து அணைக்கும்போது 'சேமிக்கவா?' என்று கேட்கும். சேமித்தால் நம் கோப்புகளும் அமைப்புகளும் ஒரே கோப்பாகப் பென்டிரைவில் இருக்கும். வேண்டாம் என்றால் கணினி பழையபடியே இருக்கும். எழுதி முடித்த சிடியை எந்த வைரஸாலும் மாற்ற முடியாது. பலர் மாறி மாறி உட்காரும் பொது இடத்துக் கணினிக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. வேலைக்கு நடுவே கரண்ட் போனாலும் இயங்குதளம் கெட்டுப்போகாது.

பென்டிரைவிலிருந்து தொடங்கத் தெரியாத பழைய மதர்போர்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குச் சிடியே வழி. எனவே சிடி எழுதும் டிரைவ் ஒன்றும் வெற்றுச் சிடிகளும் எங்கள் ஒவ்வொரு கிளையிலும் இருக்கும்.

எங்கள் கொள்கைகள்

1. ஓடுகிற கணினியைக் குப்பை என்று சொல்லமாட்டோம். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கேட்டின் பெரும்பகுதி அது தயாராகும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. சுரங்கத்தில் தோண்டியதும் ஆலையில் உருக்கியதும் திரும்பி வரப்போவதில்லை. அதைக் கூடுதலாக ஐந்தாண்டு ஓட்டுவது, புதியது ஒன்று உருவாவதைத் தள்ளிப்போடுகிறது.

2. மென்பொருளுக்குக் காசு வாங்கமாட்டோம். உரிமம் இல்லாத மென்பொருளை யாருக்கும் ஏற்றித் தரவும் மாட்டோம். திருடாமல் இலவசமாகப் பெற வழி இருக்கும்போது, ஒரு மாணவரின் முதல் கணினிப் பாடம் திருட்டாக இருக்கக் கூடாது.

3. கணினி மெக்கானிக்கின் வயிற்றில் அடிக்கமாட்டோம். வண்ணாரப்பேட்டையிலும் ஜங்ஷனிலும் டவுனிலும் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிகளும் அண்ணன்களும் எங்கள் எதிரிகள் அல்லர். அவர்களே எங்கள் முதல் ஆசிரியர்கள். ஸ்க்ரூ கழற்றி உழைக்கிறவருக்கு உழைப்புக்கூலி உண்டு. போட்ட பொருளுக்குப் பில் உண்டு. மறைவாக எதுவும் கிடையாது.

4. தமிழ் தெரிந்தால் போதும் என்ற நிலையை உண்டாக்குவோம். பப்பி போன்ற சிறிய பதிப்புகளைத் தொடங்கியதும் தமிழ் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிவதுண்டு. எழுத்துரு இல்லாததே காரணம். எனவே லோகித், மீரா இனிமை போன்ற கட்டற்ற எழுத்துருக்களும், 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையும், ஒலிபெயர்ப்பு முறையும், தட்டச்சுப் பயின்றவர்களுக்கான தட்டச்சு முறையும் முன்கூட்டியே சேர்த்த படிமத்தை, அதாவது சிடியிலோ பென்டிரைவிலோ அப்படியே எழுதக்கூடிய கோப்பை, நாங்களே தயாரிப்போம். மென்பொருளுக்குத் தமிழ் முகம் கொடுத்த தன்னார்வலர்களும், 2012 முதல் 'கணியம்' இதழில் எளிய தமிழில் லினக்ஸைச் சொல்லிக்கொடுத்தவர்களும் போட்ட பாதை இது. அதில் நடந்து, எங்கள் பங்குக்கு ஒரு கல்லாவது பதிப்போம்.

5. அடுத்தவர் கோப்பைத் திறந்து பார்க்கமாட்டோம். பழுதுபார்க்க வந்த கணினியில் ஒரு பெண்ணின் புகைப்படமோ ஒரு குடும்பத்தின் கடிதமோ இருக்கலாம். அனுமதியில்லாமல் அதைத் திறக்கிறவருக்கு இந்த இயக்கத்தில் இடமில்லை. தானமாகத் தரப்படும் கணினியின் வன்தட்டு, கொடுத்தவர் கண்முன்னாலேயே முழுதாக அழிக்கப்படும்.

6. பெட்டியைத் தூக்கி வந்தவரே முதலில் விசைப்பலகையில் கை வைப்பார். சாதி, மதம், பால், படிப்பு எதையும் வைத்து வரிசை கிடையாது. துடைப்பவர் ஒருவர், கற்றுக்கொள்பவர் வேறொருவர் என்ற பிரிவினையை அனுமதிக்கமாட்டோம். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் நூற்றாண்டு கடந்த பள்ளிகள் இருக்கின்றன. அந்தக் கல்வி மரபுக்குக் கடமைப்பட்டவர்கள் நாங்கள். எனவே ஓர்கா திரைவாசிப்பானும் தமிழில் பேசும் ஈஸ்பீக் குரலும் சேர்ந்த ஒரு படிமமும் தயாரிப்போம்.

7. உண்மையிலேயே முடிந்துபோன கணினிக்கு ஒழுங்கான முடிவு தருவோம். பழைய திரைக்குழாய்களில் ஈயம் இருக்கிறது. பழைய எல்சிடி திரைகளின் விளக்குகளில் பாதரசம் இருக்கிறது. செம்புக்காக ஒயரை எரித்தால் எழும் புகை நஞ்சு. உதவக்கூடிய உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு, மீதியை 2022 மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைப்போம். காயலான் கடைக்கோ ஆற்றங்கரைக்கோ அது போகாது.

செய்யப்போகும் வேலை

முதலாவது, மீட்பு. ஆன் ஆகாத விண்டோஸுக்குள் மாட்டிக்கொண்ட சான்றிதழ் நகல், திருமணப் புகைப்படம், கல்லூரி ஆய்வேடு ஆகியவற்றை, நிறுவாமலே ஓடும் லைவ் சிடி கொண்டு திறந்து வேறொரு டிரைவுக்கு எடுத்துத் தருவோம். லினக்ஸ் என்ற பெயரையே கேட்டிராதவருக்கும் இதன் பயன் அந்த நிமிடமே புரியும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் வெள்ளத்தில் நெல்லையும் தூத்துக்குடியும் முழங்கால் முதல் கழுத்து வரை தண்ணீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. அதனால் முக்கிய ஆவணங்களுக்கு இன்னொரு படி, வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்தில் வைக்கும் பழக்கத்தையும் பரப்புவோம். நனைந்த கணினியை உடனே ஆன் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் தெருத்தெருவாகச் சொல்வோம்.

இரண்டாவது, பழுது. கணினியைத் திறந்து தூசி ஊதுவோம். ராமைக் கழற்றி அதன் பற்களை ரப்பரால் துடைப்போம். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவோம். மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். அதனாலேயே வங்கி, அரசுத் தளங்கள் திறக்காது. 'நெட் வேலை செய்யவில்லை' என்று ஒதுக்கப்பட்ட கணினிகளில் சில, அந்த ஒற்றை பேட்டரியை மாற்றியதும் எழுந்துவிடும்.

மூன்றாவது, பொருத்தம். ராமைப் பார்த்துப் பதிப்பைத் தேர்வோம். 512 எம்பி முதல் 1 ஜிபி வரை உள்ள 32 பிட் கணினிக்கு ஆன்டிஎக்ஸ் அல்லது 32 பிட் பப்பி. 2 ஜிபி உள்ளதற்கு 64 பிட் பப்பி. 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ பாஸ் லினக்ஸையோ வன்தட்டிலேயே நிறுவலாம். முடிந்தவர்கள் வன்தட்டுக்குப் பதில் சிறிய எஸ்எஸ்டி ஒன்று போட்டுக்கொண்டால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். எதையும் முதலில் லைவாக ஓட்டிக் காட்டுவோம். திரை, ஒலி, வைஃபை, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றன என்று உரியவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வன்தட்டில் கை வைப்போம்.

நான்காவது, சேமிப்பு. 32 பிட் கணினிகளுக்கான வாசல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அவற்றுக்கான நிறுவியையும் கெர்னலையும் நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸும் விலகிக்கொண்டது. எனவே அந்தக் கணினிகளை ஓட்டும் கடைசிப் பதிப்புகளையும் அவற்றின் மென்பொருள் தொகுப்புகளையும் இணையத்தை நம்பாமல் நம் ஊரிலேயே படியெடுத்து, சரிபார்ப்புக் குறியீட்டோடு பாதுகாப்போம்.

ஐந்தாவது, இடம். தயாரான கணினிகள், கணினி இல்லாத வீடுகளுக்கும், கிளை நூலகங்களுக்கும், மாலை நேர இலவசப் பாடசாலைகளுக்கும் போகும். அவற்றில் இணையமே இல்லாவிட்டாலும் பயன்படும்படி தமிழ் விக்கிப்பீடியாவின் கிவிக்ஸ் படி, 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், லிப்ரேஆபிஸ், சிறு பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயின்ட் ஆகியவை இருக்கும்.

ஆறாவது, ஆள். ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது இரண்டு பேர். பேட்டை ஐ.டி.ஐ. மாணவராக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், அன்று அரசு மடிக்கணினி வாங்கி இன்று வேலையில் இருக்கும் பெண்ணாக இருக்கலாம். கணினியைப் பெற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்றுத்தருவதாக வாக்குக் கொடுத்தே பெறுவார். வேறு விலை கிடையாது.

நாங்கள் தராத வாக்குறுதிகள்

மக்களிடம் மிகையாகச் சொல்லி ஏமாற்றுவது இயக்கத்தைக் கெடுக்கும். எனவே இவற்றையும் இப்போதே அறிவிக்கிறோம்.

இன்றைய இணையப் பக்கங்கள் கனமானவை. 1 ஜிபி ராமில் பல பக்கங்களை ஒரே நேரத்தில் திறந்து வைக்க முடியாது. அந்தக் கணினி தட்டச்சுக்கும் படிப்புக்கும் கணக்குக்கும்தான். டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. டேலியில் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரரை மாறச் சொல்லமாட்டோம். குறிப்பிட்ட கைரேகைக் கருவியோ டிஜிட்டல் கையொப்பமோ விண்டோஸைத்தான் கேட்கிறது என்றால், அந்த வேலைக்கு அதுவே இருக்கட்டும். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றித் தருவோம். ஆனால் மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபார்க்கத்தான் வேண்டும். சில பழைய வைஃபை அட்டைகளும் பிரிண்டர்களும் அடம்பிடிக்கும். முடியாததை முடியாது என்று முதல் நாளே சொல்வோம்.

அரசு புதிய மடிக்கணினிகள் தருவதை முழுமனதோடு வரவேற்கிறோம். பழையதைக் காப்பாற்றுவது புதியதைக் கேட்கும் உரிமையைக் கைவிடுவதாகாது. புதியவற்றோடு கட்டற்ற மென்பொருளும், அதைச் சொல்லித்தரும் ஆசிரியருக்குப் பயிற்சியும் வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. பயன்பாட்டிலிருந்து நீக்கப்படும் அரசு அலுவலகக் கணினிகளை மொத்தமாக ஏலத்தில் எடைக்குப் போடும் முன், அவற்றில் ஓடக்கூடியவற்றைப் பிரித்துப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் தர வேண்டும் என்றும் மாவட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

உறுதியும் அழைப்பும்

தாமிரபரணிக் கரையில் வாழும் நாங்கள் உறுதி கூறுகிறோம். ஒரு கணினி ஓடக்கூடியது என்றால் அதை ஓட வைப்போம். ஓட வைத்ததை இல்லாதவரிடம் சேர்ப்போம். சேர்த்ததோடு நில்லாமல் கற்றுத்தருவோம். கற்றுத்தந்ததற்கு விலை கேட்கமாட்டோம். எங்களுக்குத் தெரிந்ததைப் பூட்டி வைக்கமாட்டோம்.

இந்த இயக்கத்தில் சேர உறுப்பினர் கட்டணம் இல்லை, படிவமும் இல்லை. அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ சேரன்மகாதேவியிலோ மேலப்பாளையத்திலோ ஸ்ரீவைகுண்டத்திலோ ஆழ்வார்திருநகரியிலோ இருக்கும் நீங்கள், வரும் ஞாயிற்றுக்கிழமை பரணில் கிடப்பதை இறக்குங்கள். சார்ஜரைத் தேடி எடுங்கள். ஒரு பப்பி சிடியோ பென்டிரைவோ தயார் செய்யுங்கள். தொடங்கும்போது லெனோவோ, டெல் என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 அழுத்தி அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஓடினால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஓடாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். அப்படி இரண்டு பேர் ஒரு கணினியின் முன் உட்கார்ந்துவிட்டால், அந்த ஊரில் எங்கள் கிளை தொடங்கிவிட்டது என்று பொருள்.